பெட்டிப் படத்தைப் பார்க்காதே, தூணை எண்ணு: லெகோ செட்டை உதிரிக்காக வாங்குவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு வீடு இடிப்புக்கு வருகிறது என்று தகவல் வந்தால், வியாபாரி போய் அந்த வீட்டின் அழகை ரசிப்பதில்லை. தூண் எத்தனை என்று எண்ணுவார். தேக்கா வேறு மரமா என்று தட்டிப் பார்ப்பார். நிலைக்கதவு எத்தனை, உத்தரம் எத்தனை அடி, பெயர்த்தெடுக்கும்போது உடையாத கல் தரையில் எவ்வளவு தேறும் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருவார். வீட்டுக்காரர் "எங்க ஐயா பர்மாவிலிருந்து கப்பல்ல மரம் கொண்டாந்து கட்டுன வீடு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வியாபாரியின் கண்ணில் அந்த வீடு பிரிந்து கிடக்கும்.

பார்க்க மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவில், ஒரு செட்டை அதன் உதிரித் துண்டுகளுக்காக வாங்க வேண்டுமென்றால் அந்தக் கண்தான் வேண்டும்.

பெட்டியில் போட்ட படத்தைப் பார்த்துக் கட்டுவது ஒரு விளையாட்டு. படத்தில் இல்லாததை, நம் மனசில் இருப்பதைக் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் 'மாக்' என்பார்கள். மை ஓன் கிரியேஷன் என்பதன் சுருக்கம். நான் மூன்று வருஷமாக ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றப் பகுதியை, கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் ஒரு வருஷம் முழுக்கத் தப்பான பெட்டிகளை வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுகள்

லெகோ கட்டையின் தலையில் இருக்கும் உருண்டையைக் குமிழ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. சாதாரணக் கட்டையின் உயரம், குமிழை விட்டுவிட்டு, 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் தட்டையான துண்டின் உயரம் 3.2 மி.மீ.; மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. தலையில் குமிழே இல்லாத வழவழப்பான தட்டைத் துண்டுக்கு டைல் என்று பெயர்.

இந்த அளவுகள் 1958-இல் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து மாறவில்லை. அப்போது செய்த கட்டை இன்று வாங்கிய கட்டையோடு பொருந்தும். உதிரி வேட்டைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது: எந்த வருஷத்து செட்டிலிருந்து எடுத்தாலும் சேரும். நிறம் மட்டும் சேராமல் போகலாம். அதைப் பிறகு தனியாகப் புலம்புகிறேன்.

முதல் படி: எவ்வளவு பெரிது என்று முடிவெடுங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிக் குதித்து ஓடுவது இந்தப் படியைத்தான். நானும் ஓடினேன்.

லெகோவின் குட்டி ஆள், அதாவது மினிஃபிகர், ஏறக்குறைய 4 செ.மீ. உயரம். ஐந்தரை அடி ஆள் அந்த அளவுக்குச் சுருங்கினால், நிஜத்தில் 42 செ.மீ. என்பது இங்கே 1 செ.மீ. தெருவிலிருந்து பின்தெரு வரை 200 அடி ஓடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்கில் அது 1.45 மீட்டர் நீளம் வரும். 181 குமிழ். முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாவற்றையும் கட்டினால் வைக்க ஒரு கட்டில் வேண்டும், வாங்க ஒரு காணி நிலம் விற்க வேண்டும்.

அதனால் இரண்டில் ஒன்று. குட்டி ஆள் நிற்கிற அளவில் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் கட்டுங்கள்; இல்லையென்றால் ஒரு குமிழை ஒரு மீட்டராக வைத்து முழு வீட்டையும் சின்னதாகக் கட்டுங்கள். இரண்டாவதில் 200 அடி வீடு 49 செ.மீ.க்குள் அடங்கும். தூணும் ஜன்னலும் வெறும் சாடையாகத்தான் தெரியும். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன், ஒரே ஒரு காரணத்துக்காக: 1×1 டைல் 8 மி.மீ.; அதை 42-ஆல் பெருக்கினால் 33.6 செ.மீ., சுமார் 13 அங்குலம். செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் பெரிய அளவு 12 அங்குலம். ஆக, ஒரு லெகோ டைல் ஒரு ஆத்தங்குடிக் கல். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

48×48 குமிழ் உள்ள பெரிய அடித்தட்டு 38.4 செ.மீ. சதுரம். நம் கணக்கில் 53 அடிக்கு 53 அடி. ஒரு வளவுக்குத் தாராளம்.

இரண்டாம் படி: தேவையை எண்ணி எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் பட்டியல். கல்யாணச் சாமானுக்குப் போடுவதைப் போலவே போடுங்கள். எது, என்ன நிறம், எத்தனை.

தூண்: 12 அடித் தேக்குத் தூண் நம் அளவில் 8.7 செ.மீ. வரும். 1×1 உருண்டைக் கட்டை, அதன் எண் 3062, ஒன்பதை அடுக்கினால் 8.64 செ.மீ. சரியாக வருகிறது. வளவைச் சுற்றிப் பதினாறு தூண் என்றால் 144 உருண்டைக் கட்டை. அத்தனையும் ஒரே பழுப்பு நிறத்தில்.

தரை: 16×24 குமிழ் பட்டாலைக்கு 384 டைல். ஓரத்தில் ஒரு வரிசை பச்சைக் கரை கட்டினால் கரைக்கு 76. உள்ளே சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றி வைத்தால் நிறத்துக்கு 154.

கூரை: 48 குமிழ் நீளத்துக்கு ஒரு குமிழ் அகலச் சரிவுக் கட்டையை வைத்தால் ஒரு வரிசைக்கு 48, எட்டு வரிசைக்கு 384. இரண்டு குமிழ் அகலத்தில் வாங்கினால் 192 போதும். ஓட்டு வரிசை தெரிய வேண்டும் என்று நான் சின்னதை எடுத்தேன். செலவு இரட்டித்தது.

ஜன்னலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சட்டம் ஒன்று, கண்ணாடி ஒன்று, கதவு இரண்டு என்று ஒரு ஜன்னலுக்கு நாலு துண்டு ஓடும். நம்மூர் வீடுகளில் கம்பி போட்ட ஜன்னல்தான் என்பதால் கண்ணாடியை விட்டுவிட்டு, பள்ளம் விழுந்த 'கிரில்' துண்டுகளை வைத்துச் சமாளிக்கலாம். எப்படியானாலும் முதல் வேலையாகவே காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைக் கட்டப்போகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

இந்தப் பட்டியல் கையில் வந்ததும் ஒரு விஷயம் புரியும். நமக்கு வேண்டியது பல வகையில் ஒவ்வொன்று இல்லை. சில வகையில் ஏராளம். லெகோ பெட்டிகளோ பெரும்பாலும் நேர் எதிர்: நூறு வகையில் மூன்று மூன்று. செட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான்.

பட்டியலைக் கையால் போட அலுப்பாக இருந்தால் 'ஸ்டூடியோ' என்று, லெகோ உதிரிக்கான இணையச் சந்தையான பிரிக்லிங்க்கின் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. கணினியிலேயே கட்டிப் பார்க்கலாம். கட்டி முடித்தால் பட்டியலை அதுவே தந்துவிடும். ஆனால் அதில் கட்டுகிறவனுக்குத் துண்டு பஞ்சமே கிடையாது என்பதால் ஆசை எல்லை மீறும். என் முதல் வரைபடத்தில் எழுபது தூண் இருந்தது.

மூன்றாம் படி: வாங்கும் முன்பே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

கடைக்காரர் விடமாட்டார்தான். ஆனால் வழி இருக்கிறது. ஒவ்வொரு லெகோ பெட்டியிலும் நாலு அல்லது ஐந்து இலக்க எண் ஒன்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைப் போட்டால், கட்டும் முறைப் புத்தகத்தை லெகோவின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முன்பக்கங்களை விடுங்கள். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே அந்தப் பெட்டியின் எல்லாத் துண்டுகளும் சின்னப் படமாக, எத்தனை என்ற எண்ணிக்கையோடு, கீழே ஒரு குறி எண்ணோடு இருக்கும்.

இரண்டு வகை எண் உண்டு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று உருவத்துக்கான எண்: 2×4 கட்டை எந்த நிறமானாலும் 3001. இன்னொன்று உருவமும் நிறமும் சேர்ந்த எண். பழைய துண்டுகளில் இது வெளிப்படையாகவே தெரியும்: 300101 என்றால் வெள்ளை, 300121 என்றால் சிவப்பு, 300126 கருப்பு. புதிய துண்டுகளுக்கு ஏழு இலக்கத்தில் வரும், அதைப் பார்த்து நிறம் கண்டுபிடிக்க முடியாது. புத்தகத்தின் பின்பக்கம் இருப்பது இந்த இரண்டாவது எண்தான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி தலைகீழாகத் தேடுவது. 'ரீபிரிக்கபிள்', 'பிரிக்லிங்க்' என்ற இரண்டு இணையத்தளங்களிலும் ஒரு துண்டையும் நிறத்தையும் கொடுத்தால், அது எந்தெந்த செட்டில் எத்தனை வந்திருக்கிறது என்று காட்டும். பழுப்பு 3062 என்று போடுங்கள். எண்ணிக்கை வரிசையில் மேலே இருக்கும் பெட்டிகளின் படம் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காமல் இருக்கலாம். அதுதான் சரியான பெட்டி. வியாபாரிக்கு வீட்டின் பெயரா முக்கியம்?

நாலாம் படி: விலைக் கணக்கு

எல்லோரும் செய்கிற கணக்கு, விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுப்பது. ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியில் ஆயிரம் துண்டு, ஆக துண்டு ஐந்து ரூபாய், மலிவு என்று வாங்கிவிடுவார்கள். அதில் உங்களுக்கு வேண்டியது முந்நூறுதான் என்றால் துண்டு கிட்டத்தட்ட பதினேழு ரூபாய். மற்ற எழுநூறு சும்மா வந்த விருந்தாளி. ஆறாயிரத்துக்கு எண்ணூறு துண்டு உள்ள பெட்டியில் ஆறுநூறு உதவும் என்றால் துண்டு பத்து ரூபாய், அதுதான் மலிவு. நான் ரூபாய்களை உதாரணத்துக்குச் சொன்னேன். கணக்கு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ள துண்டை மட்டும் எண்ணி, அதால் வகுக்க வேண்டும்.

துண்டு எண்ணிக்கையில் இன்னொரு பூச்சு வேலையும் இருக்கிறது. 1×1 டைலும் ஒரு துண்டு, 2×4 கட்டையும் ஒரு துண்டு. 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம், அந்தக் குட்டி டைல் அதில் ஒரு சின்னப் பங்குகூட வராது. சுவர் எழுப்பக் கட்டை தேடுகிறவர் 'இரண்டாயிரம் துண்டு' என்ற எழுத்தை நம்பி வாங்கினால், பிரித்ததும் உள்ளங்கையில் அள்ளுகிற மாதிரி பொடிசாக இருக்கும். தரை போடுகிறவனுக்கு அதே பெட்டி புதையல்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும் துண்டுகளை ஒட்டாமல் விட்டால் அவை சாதாரணத் துண்டுகள், கணக்கில் சேர்க்கலாம். அச்சடித்தே வரும் துண்டுகளைக் கழித்துவிடுங்கள். தீயணைப்பு நிலையம் என்று எழுதிய டைலை ஆத்தங்குடித் தரையில் எங்கே வைப்பது? குப்புறத்தான் வைக்க வேண்டும், டைலைக் குப்புற வைக்கவும் முடியாது.

எந்த வகைப் பெட்டியில் என்ன தேறும்

கிளாசிக் பெட்டிகள். எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். பெரிய கிளாசிக் பெட்டியான 10698-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 790 துண்டு, 33 நிறம். வகுத்தால் நிறத்துக்குச் சராசரியாக 24 துண்டு. குழந்தைக்கு அற்புதம். பதினாறு தூண் தேடுகிறவனுக்கு இரண்டு தூணுக்குக்கூட வராது, அதுவும் ஊதாவில் ஒன்று, பச்சையில் ஒன்று. கட்டைகளோடு பழகுவதற்கு ஒன்று வாங்கலாம். இரண்டாவது வேண்டாம்.

கிரியேட்டர் மூன்று-இன்-ஒன் வீடுகள். ஆரம்பக்காரருக்கு என் சிபாரிசு இதுதான். ஒரே துண்டுகளில் மூன்று மாதிரி கட்ட வேண்டும் என்பதால், விசேஷத் துண்டு குறைவாகவும் பொதுத் துண்டு அதிகமாகவும் வைத்திருப்பார்கள். கூரைச் சரிவு, ஜன்னல், கதவு எல்லாம் ஒரே நிறத்தில் கைநிறையக் கிடைக்கும். ஒரே வீட்டுப் பெட்டியை இரண்டு வாங்கினால் ஒரு கூரை முடியும்.

மாடுலர் கட்டடங்கள். 2007-இல் கஃபே கார்னரோடு தொடங்கிய வரிசை. புக் ஷாப் 10270-இல் 2,504 துண்டு, பொடிக் ஹோட்டல் 10297-இல் 3,066, நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் 10326-இல் 4,014. டைலும் வளைவும் ஜன்னல் சட்டமுமாகக் கொட்டும். விலையும் அப்படியே. வெறும் உதிரிக்காக இதை வாங்காதீர்கள். முதலில் புத்தகப்படி முழுசாகக் கட்டுங்கள். குமிழைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் வேலைப்பாடு செய்வது, மெல்லிய கரை இறக்குவது, இதெல்லாம் கை வழியாகத்தான் வரும். நிலைவாசலுக்கு மேல் கஜலட்சுமி உட்காரும் பலகையை எப்படிச் செய்வது என்று நான் கற்றது ஒரு ஹோட்டலின் வாசலைக் கட்டியபோது. பிறகு பிரிக்க மனம் வந்தால் பிரியுங்கள்.

எனக்கு வந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "நேத்துத்தானடா கட்டி முடிச்ச, புது வீட்டையே பிரிச்சுப் போட்டா எப்படி?" என்றார். பக்கத்து வீட்டுத் தூண்கள் லாரியில் ஏறிப்போனதைப் பார்த்த மனுஷி. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டு தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் நம்மூர் வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி கட்டியிருக்கிறார்களே, அது மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆர்க்கிடெக்சர் வரிசை. வெள்ளைச் சுவருக்கு வெள்ளை மாளிகை 21054, தாஜ்மகால் 21056 என்று ஆசை வரும். முறையே 1,483, 2,022 துண்டு. ஆனால் இவை மேஜையில் வைக்கிற சின்ன உருவங்கள், துண்டுகளும் பொடிசு. ஒரு குமிழை ஒரு மீட்டராக வைத்து முழு வீட்டைக் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல சரக்கு. என்னைப் போல் குட்டி ஆள் அளவில் கட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்புச் சுவர் எழுப்ப இது ஆகாது.

தரைக்கு டாட்ஸ். 2020 முதல் 2023 வரை வந்த வரிசை. கைவளையும் படச்சட்டமும் அலங்கரிக்கச் சின்ன டைலாகக் கொட்டினார்கள். சதுர டைல், வட்ட டைல், கால்வட்ட டைல். நாலு கால்வட்டத்தைச் சேர்த்து வைத்தால் 2×2 இடத்தில் ஒரு முழு வட்டம். திருப்பித் திருப்பி வைத்தால் பூ, இலை, அலை. ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிப் பலகை மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அச்சின் கோடுகளை அப்படியே இதில் கொண்டுவரலாம். அந்தக் கல்லுக்குக் கண்ணாடி தந்த பளபளப்பு, இதற்குப் பிளாஸ்டிக் தந்தது. டாட்ஸ் இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய இருப்பு எங்கேயாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். லெகோ ஆர்ட் படங்களிலும் ஆயிரக்கணக்கில் சின்னத் துண்டு வரும். உலக வரைபடம் 31203-இல் மட்டும் 11,695 துண்டு. ஆனால் அவை வட்டமானவை. தரையில் பதித்தால் நாலு வட்டத்துக்கு நடுவே ஓட்டை தெரியும்.

நிஞ்சாகோ வரிசையின் கோயில்களில் அடர்சிவப்பும், வேலைப்பாடான கிராதியும், பொன் நிறச் சிறு துண்டுகளும் உண்டு. ஹாரி பாட்டர் கோட்டைகளில் வளைவும் மணல் நிறமும். பெரிய ஹாக்வார்ட்ஸ் 71043 என்றால் 6,020 துண்டு. டெக்னிக், கார், விமானம், நாலு வயதுக்கு மேல் என்று போட்ட பெட்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுங்கள். கடைசியாகச் சொன்னதில் காரின் அடிப்பாகமே ஒரே துண்டாக வரும்.

நிறம்: பணம் வீணாவது இங்கேதான்

ஒரே நிறத்துக்கு இரண்டு பெயர். லெகோ நிறுவனம் 'பிரிக் யெல்லோ' என்பதை பிரிக்லிங்கில் 'டான்' என்பார்கள். லெகோவின் 'மீடியம் ஸ்டோன் கிரே' அங்கே 'லைட் புளூயிஷ் கிரே'. பட்டியலில் ஒரு பெயரை எழுதிக்கொண்டு இன்னொரு இடத்தில் தேடினால் கிடைக்காது. மஞ்சள் என்று நினைத்து மணல் நிறத்தை வாங்கி வைப்பீர்கள். நிறங்களின் பெயர்ப் பொருத்தத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்து, 2004-ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பு நிறத்தையும் மாற்றியது. பழைய சாம்பலில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், புதியதில் நீலச் சாயல். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. ஒரு சுவரில் கலந்து வைத்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித் தெரியும். பழைய சரக்கு வாங்கும்போது இரண்டு வகையிலும் ஒன்றை எடுத்து, வளவு வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

தூண் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. செம்பழுப்பு, அடர்சிவப்பு இரண்டும், சில வருஷங்களில் வந்தவை, எளிதில் விரிசல் விடும். தூணைப் பிரித்து மறுபடி அடுக்கும்போது டிக்கென்று சத்தம் கேட்டால் அதுதான். நம் வீட்டுக்குத் தேக்கு நிறமும் ஓட்டு நிறமும்தான் உயிர். அந்த இரண்டுமே இந்த வம்பில் மாட்டுகின்றன. ஆகவே இந்த நிறங்களை மட்டும் முடிந்தவரை புதிய பெட்டிகளிலிருந்து எடுங்கள். வெள்ளை, மணல், கருப்பு ஆகியவற்றைப் பழையதில் வாங்கி மிச்சம் பிடிக்கலாம்.

செட்டா, தனித் துண்டா

பட்டியலில் எண்பது சதவீதம் ஒரே பெட்டியில் கிடைத்தால் பெட்டியை வாங்குங்கள். மீதி இருபதுக்கு இன்னொரு பெட்டி வாங்குவது முட்டாள்தனம்; அதைத் தனித் துண்டாக வாங்குங்கள். பிரிக்லிங்க் 2000-இல் தொடங்கிய உதிரிச் சந்தை, 2019-இல் லெகோவே அதை வாங்கிவிட்டது. பல நாட்டு விற்பனையாளர்கள் அதில் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் நாம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பொம்மைக்கும் பொம்மை உதிரிக்கும் இந்தியா 2020-இல் இறக்குமதி வரியை 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. அதன் மேல் கூரியர் கூலி. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஐரோப்பாவில் உருண்டைக் கட்டை எடுத்து, வீடு வந்து சேரும்போது அது என்ன விலை ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். முடிந்தால் இந்திய விற்பனையாளர்களிடமே தேடிப் பாருங்கள். துண்டு விலை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் பெரும்பாலும் அதுதான் இறங்கும். இந்த வரிச் சுமையால்தான் நம்மூரில் பெட்டியைப் பிரிப்பது லாபமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் எழுதிய ஆலோசனையைப் படித்தால் "நேராக உதிரி வாங்கு" என்றுதான் சொல்வார். அவருக்கு அது சரி.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், ரொம்பக் காத்திருக்கக் கூடாது. ஒரு செட் சில வருஷத்தில் உற்பத்தியிலிருந்து போய்விடும். அதன் பிறகு விலை பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்.

லெகோவோடு பொருந்தும் வேறு கம்பெனிக் கட்டைகள்? அடிப்படைக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மலிவு. நான் ஒரு கிலோ வெள்ளைக் கட்டை ஒரு கடையில் வாங்கினேன். தனியாக நன்றாகத்தான் பிடித்தது. நாற்பது கட்டை நீளச் சுவராக எழுப்பியபோது அடித்தட்டோடு சேராமல் நடுவில் வில் மாதிரி வளைந்து நின்றது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம், நாற்பது தடவை கூடினால் தெரியும்தானே. இப்போது அதை வெளியில் தெரியாத உள்நிரப்பலுக்கு மட்டும் போடுகிறேன், செங்கலுக்கு நடுவே கப்பிக்கல் போடுவதைப் போல. வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள்; 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு அது கட்டாயம்.

பழைய சரக்கு வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் மூட்டையாக விற்பதுண்டு. செட்டிநாட்டில் சிங்கப்பூர், மலேசியா போக்குவரத்து இல்லாத தெரு ஏது? கிலோ கணக்கில் கேளுங்கள், பெட்டிக் கணக்கில் கேட்காதீர்கள். பெட்டி முழுசாக இருக்கிறது என்று சொன்னால் விலை ஏறிவிடும், நமக்கு அது முழுசாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குமிழின் மேல் லெகோ என்ற எழுத்து இருக்கிறதா, கடித்த தடம் இருக்கிறதா, வெள்ளை மஞ்சளாகிவிட்டதா, இந்த மூன்றும் போதும். மூட்டையின் மேலே கையை விடாதீர்கள், அடியில் விடுங்கள். பொடித் துண்டு எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும்.

பிரித்த பிறகு

நிறம் நிறமாகப் பிரித்து வைக்கத்தான் கை போகும். வேண்டாம். பழுப்புக் குவியலுக்குள் பழுப்புத் துண்டைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி. உருவத்தால் பிரியுங்கள், சரிவுக் கட்டைக் குவியலில் பழுப்பு தானாகக் கண்ணில் படும். எனக்கு ஓலைக் கொட்டான்கள் கைகொடுத்தன, கல்யாணத்துக்குப் பலகாரம் வைத்து வந்தவை. டைல்களுக்கு அஞ்சறைப் பெட்டி. மூடி சரியாக உட்காரும் பெட்டியாகப் பாருங்கள், நம்மூர்ச் செம்மண் தூசி எதிலும் புகும்.

கழுவ வேண்டுமென்றால் 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு. காய்வதற்கு வளவு முற்றத்து வெயிலில் பரப்பாதீர்கள், வடகமா போடுகிறோம்? சித்திரை வெயில் வெள்ளையை மஞ்சளாக்கும். பட்டாலை நிழலில் துண்டு விரித்துக் காயவிட்டால் போதும்.

மிச்சமாகும் துண்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டு வையுங்கள். மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். என் சக்கரங்கள், கண்ணாடிகள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தேவகோட்டை பஸ் ஒன்று கட்டிவிட்டான். முன்னால் போர்டு வைக்க இரண்டு மஞ்சள் டைல் தேவைப்பட்டதாம். "உன் தரையில நிறைய இருந்துச்சு மாமா" என்றான். பட்டாலைக்கு இப்போது 382 இருக்கிறது.